கணினியின் விதைநெல் யார் கையில்?

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாப்ட் நிறுவனம் முடிவுக்குக் கொண்டுவந்தது. 2015 ஜூலையில் வெளியான இயங்குதளம் அது. இந்தியாவின் பள்ளிகள், ஊராட்சி அலுவலகங்கள், அரசு மருத்துவமனைகள் ஆகியவற்றில் உள்ள கணிசமான கணினிகள் அதை நம்பியே இயங்கி வந்தன. அடுத்த பதிப்பான விண்டோஸ் 11க்கு மாற வேண்டுமானால் டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு வசதியும், ஏறத்தாழ 2018 முதல் சந்தைக்கு வந்த செயலியும் கணினியில் இருக்க வேண்டும். அதற்கு முந்தைய கணினி எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும் அதிகாரப்பூர்வமாகத் தகுதியற்றது. பழைய பதிப்பிலேயே தொடர விரும்பும் நிறுவனங்கள் கணினி ஒன்றுக்கு முதலாண்டில் 61 டாலர், இரண்டாமாண்டில் 122 டாலர், மூன்றாமாண்டில் 244 டாலர் செலுத்த வேண்டும். கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் இக்கட்டணம் 1, 2, 4 டாலர்களாகக் குறைக்கப்பட்டிருக்கிறது. மாணவர்களை இளம் வயதிலேயே ஒரே நிறுவனத்தின் பொருளுக்குப் பழக்குவதில் அந்நிறுவனத்துக்குள்ள அக்கறை இச்சலுகையில் வெளிப்படுகிறது. அந்தச் சலுகையும் மூன்றாண்டுகளுக்கு மேல் நீடிக்காது.

இந்த ஒரே முடிவால் உலகெங்கும் 24 கோடி கணினிகள் மின்னணுக் கழிவாகக்கூடும் என்று கனாலிஸ் என்னும் சந்தை ஆய்வு நிறுவனம் 2023 டிசம்பரில் மதிப்பிட்டது. பழுதாகாத ஓர் இயந்திரத்தை, அதை விலை கொடுத்து வாங்கியவரின் ஒப்புதல் இல்லாமலேயே, எங்கோ இருக்கும் ஒரு நிறுவனம் செத்ததாக அறிவிக்க முடிகிறது. இந்த அதிகாரம் எங்கிருந்து வருகிறது? விடை எளிமையானது. கணினி மக்களின் பணத்தில் வாங்கப்பட்டது. ஆனால் அது எந்தக் கோப்பிலிருந்து உயிர்பெறுகிறதோ அந்தக் கோப்பு மக்களின் கையில் இல்லை. விதைநெல்லை ஆண்டுதோறும் நிறுவனத்திடம் வாங்கவேண்டிய நிலைக்குத் தள்ளப்பட்ட உழவருக்கு இந்த உறவை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஒரு கோப்புக்குள் அடங்கியிருப்பவை

புதிதாக வந்து இறங்கும் கணினியில் தொழில்நுட்பர் முதலில் ஒரு பென்டிரைவைச் செருகுகிறார். அதில் உள்ள ஐஎஸ்ஓ கோப்பு, அதாவது நிறுவல் படிமம், இயங்குதளத்தை முழுமையாகக் கணினியில் பதிக்கிறது. அந்தப் படிமத்தில் இருப்பதுதான் கணினியில் இருக்கும். எந்த மொழியில் முதல் திரை தோன்ற வேண்டும், எந்த எழுத்துரு இருக்க வேண்டும், பயனரின் எந்தத் தகவல் வெளியே அனுப்பப்பட வேண்டும், எந்தச் செயலி கேட்காமலேயே வந்து உட்கார வேண்டும் என்பனவெல்லாம் அந்தப் படிமத்தை உருவாக்கியவரால் முன்கூட்டியே தீர்மானிக்கப்படுகின்றன.

கட்டற்ற மென்பொருளில் இந்தப் படிமத்தை எவரும் தம் தேவைக்கேற்ப உருவாக்கலாம். டெபியன் அல்லது உபுண்டு போன்ற ஒரு லினக்ஸ் வெளியீட்டின் மூலப் படிமத்தை எடுத்து, அது இடையில் திருத்தப்படாத அசல் கோப்புதானா என்பதை அதன் சரிபார்ப்பு எண்ணைக் கொண்டு உறுதி செய்வது முதல் படி. பின்னர், அதனுள் சுருக்கி வைக்கப்பட்டிருக்கும் கோப்பமைப்பை விரித்து, அதற்குள்ளேயே நுழைந்து, அன்றைய தேதி வரை வெளியான புதுப்பிப்புகள் அனைத்தையும் சேர்க்க வேண்டும். தேவையற்றவற்றை நீக்கிவிட்டு அலுவலக மென்பொருள், வட்டார மொழியின் எழுத்துருக்கள், விசைப்பலகை, அச்சு இயந்திரங்களை இயக்கும் மென்பொருள், ஊராட்சிச் செயலர் பயன்படுத்தும் மின்னணுக் கையொப்பக் கருவிக்கான மென்பொருள் ஆகியவற்றை இணைக்க வேண்டும். நிறுவும்போது கேட்கப்படும் கேள்விகளுக்கான விடைகளையும் ஒரு கோப்பில் எழுதி உள்ளே வைத்துவிட்டால், ஒருவர் உடனிருந்து பொத்தான்களை அழுத்திக்கொண்டிருக்க வேண்டியதில்லை. இறுதியில் மீண்டும் சுருக்கி, புதிய சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டு, இருப்பதிலேயே பழைய கணினியிலும் இருப்பதிலேயே புதிய கணினியிலும் சோதித்த பிறகு அனுப்பலாம்.

இதில் எந்த மாயமும் இல்லை. பொறியியல் கல்லூரி மாணவர் சில நாட்களில் கற்றுக்கொள்ளக்கூடிய வேலைதான் இது. ஆனால் தனியுடைமை மென்பொருளில் இந்த வேலைக்கே உரிமத் தடை இருக்கிறது. கணினியுடன் சேர்ந்து வரும் விண்டோஸ் உரிமத்தைக் கொண்டு ஒரு பொதுப் படிமம் உருவாக்கிப் பல கணினிகளில் பதிக்க அனுமதி கிடையாது; அதற்குத் தொகுதி உரிமம் என்று தனியே வாங்க வேண்டும். அதாவது, ஏற்கெனவே விலை கொடுத்து வாங்கிய பொருளைத் தன் வசதிக்கேற்ப அடுக்கி வைப்பதற்கு இன்னொரு விலை.

இந்தத் தடையும் செலவும்தான் பலரைக் குறுக்குவழிக்குத் தள்ளுகின்றன. யாரோ முகமறியாதவர் திருத்தி வெளியிட்ட திருட்டுப் படிமங்கள் சிறு கடைகள் முதல் அலுவலகங்கள் வரை பரவிக் கிடக்கின்றன. அவற்றுக்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்பதைப் பதிப்பவரும் அறியார், பயன்படுத்துபவரும் அறியார். 2012இல் மைக்ரோசாப்டின் ஆய்வாளர்களே சீனாவின் பல்வேறு நகரங்களில் 20 புதிய கணினிகளை வாங்கிச் சோதித்தபோது, நான்கில் கடைக்கு வருமுன்பே நச்சுநிரல் இருந்தது. படிமம் யார் கையில் தயாராகிறது என்ற கேள்வி இவ்வாறு நேரடியாகப் பாதுகாப்புக் கேள்வியாகவும் ஆகிறது.

பழைய படிமம் திறந்த கதவு

படிமம் சொந்தமாக இருந்தால் மட்டும் போதாது. அது நாள்பட்டதாக இருக்கக் கூடாது. 2017 மே 12 அன்று வானாக்ரை என்னும் பணப்பறி நச்சுநிரல் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளைப் பூட்டியது. கோப்புகளைத் திறந்துவிட 300 டாலர் கேட்டது. பிரிட்டனின் பொது மருத்துவச் சேவை நிலைகுலைந்தது. இந்தியாவில் ஆந்திரக் காவல்துறையின் கணினிகளும் கேரளத்தின் வயநாடு மாவட்டத்து ஊராட்சிக் கணினிகளும் பாதிக்கப்பட்டன. இந்தத் தாக்குதல் பயன்படுத்திய ஓட்டையை அடைக்கும் திருத்தம் அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே, மார்ச் 14 அன்றே வெளியாகியிருந்தது. அத்திருத்தம் வந்து சேராத கணினிகளே வீழ்ந்தன. அந்த ஓட்டையைப் பயன்படுத்தும் கருவியை முதலில் உருவாக்கி, நிறுவனத்துக்குச் சொல்லாமல் மறைத்து வைத்திருந்தது அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை என்பதும் மறக்கத் தக்கதன்று.

ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கிராமப் பள்ளியில் 20 கணினிகள் இருக்கின்றன. ஈராண்டுகளுக்கு முந்தைய படிமம் அவற்றில் பதிக்கப்படுகிறது. ஒவ்வொன்றும் 2 ஜிபி அளவுக்குப் புதுப்பிப்புகளை இறக்கவேண்டும் என்று கொண்டால், பள்ளியின் மெலிந்த இணைய இணைப்பின் வழியே 40 ஜிபி வந்து சேர வேண்டும். அதுவரை அந்த 20 கணினிகளும் உலகுக்கே தெரிந்த ஓட்டைகளுடன் இணையத்தில் நிற்கின்றன. பெரும்பாலும் ஆசிரியர் பொறுமையிழந்து புதுப்பிப்பை நிறுத்திவிடுவார். அவரைக் குறை சொல்வதில் பொருளில்லை. அன்றைய தேதி வரை புதுப்பிக்கப்பட்ட படிமத்தை ஓரிடத்தில் ஒருமுறை உருவாக்கியிருந்தால், 2 ஜிபி ஒரே ஒருமுறை இறங்கியிருக்கும். 20 கணினிகளும் முதல் நொடியிலிருந்தே பாதுகாப்பாக இருந்திருக்கும். ஒருவர் செய்யும் வேலை ஆயிரம் பள்ளிகளின் வேலையை மிச்சப்படுத்தும் இடம் இது. தனித்தனியாக விட்டுவிட்டால் எல்லோரும் தோற்பார்கள். பொதுவாகச் செய்தால் எல்லோருக்கும் ஆகும்.

கேரளம் காட்டிய வழி

இது வெறும் கனவு என்பாருக்குக் கேரளத்தின் பள்ளிகள் விடையளிக்கின்றன. 2001இல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டம் முதலில் தனியுடைமை மென்பொருளைச் சார்ந்தே அமைந்திருந்தது. மாணவர்கள் ஒரு நிறுவனத்தின் பொருளைக் கற்பதையே கணினிக் கல்வி என்று ஏற்க முடியாது என்ற எதிர்ப்பு எழுந்தது. கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களோடு கேரளப் பள்ளி ஆசிரியர் சங்கமும் அந்த எதிர்ப்பில் உறுதியாக நின்றது. படிப்படியாகப் பாடத்திட்டமும் எஸ்.எஸ்.எல்.சி. ஐ.டி. தேர்வும் கட்டற்ற மென்பொருளுக்கு மாறின. 2017இல் அத்திட்டம் கைட் என்னும் பொது நிறுவனமாக உருப்பெற்றது.

கைட் நிறுவனம் உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்புகளை எடுத்து, பள்ளிகளுக்கெனத் தனிப் படிமத்தை உருவாக்குகிறது. ஜியோஜிப்ரா, லிப்ரே ஆபிஸ், கிம்ப் போன்றவற்றோடு மலையாள எழுத்துருக்களும் பாடங்களுக்கான கற்றல் கருவிகளும் அதில் சேர்க்கப்பட்டிருக்கின்றன. 2019இல் உபுண்டு 18.04ஐ அடிப்படையாகக் கொண்ட பதிப்பு வெளியானபோது, 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிக் கணினிகளில் அது பயன்படும் என்றும், கணினி ஒன்றுக்கு ஏறத்தாழ 1.5 லட்சம் ரூபாய் உரிமக் கட்டணம் மிச்சமாவதால் மொத்தச் சேமிப்பு 3,000 கோடி ரூபாய் என்றும் கைட் கணக்கிட்டது. அதன் பின்னர் 22.04ஐ அடிப்படையாகக் கொண்ட பதிப்பும் வந்தது.

ஒரு கணினியின் எல்லா மென்பொருளையும் சந்தை விலையில் வாங்கினால் ஆகும் தொகையே இது என்றும், எந்த அரசும் அவ்வளவு வாங்கியிராது என்றும் சிலர் வாதிடலாம். அந்த வாதத்தை ஏற்றுக்கொண்டு தொகையைப் பாதியாகவோ கால் பங்காகவோ குறைத்தாலும் கேரளத்தின் சாதனை குறையாது. அங்கே ஒரு மாணவர் பள்ளியில் பயன்படுத்தும் அதே இயங்குதளத்தை வீட்டுக்கும் கொண்டு செல்லலாம். அண்டை வீட்டாருக்கும் பதித்துக் கொடுக்கலாம். அவர் செய்வது குற்றமில்லை. தனியுடைமை மென்பொருளின் உலகில் அதே செயலுக்குப் பெயர் திருட்டு. பகிர்வதைக் குடிமைப் பண்பாகக் கற்பிக்கும் பள்ளிக்கும் பகிர்வதைத் திருட்டாகக் கற்பிக்கும் பள்ளிக்கும் இடையிலான தூரத்தை ரூபாயில் அளக்க முடியாது.

இறையாண்மை மேடைப் பேச்சாகிவிட்டால்

ஒன்றிய அரசிடம் கொள்கைக்குப் பஞ்சமில்லை. 2015இல் வெளியிடப்பட்ட திறந்த மூல மென்பொருள் கொள்கை, அரசின் கொள்முதல் அறிவிப்புகளில் திறந்த மூல மென்பொருளையும் கருத வேண்டும் என்றும், அதைத் தவிர்ப்போர் காரணம் கூற வேண்டும் என்றும் சொல்கிறது. அதற்கும் எட்டாண்டுகள் முன்பே, 2007இல், சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு பாஸ் என்னும் இயங்குதளத்தை வெளியிட்டது. இந்திய மொழிகளுக்கான ஆதரவோடு உருவான, பொதுத்துறையின் சொந்தப் படிமம் அது. இருந்தும் அரசு அலுவலகங்களின் மேசைகளில் அது பரவலாக இடம் பிடிக்கவில்லை. விண்டோசில் மட்டுமே இயங்கும் மென்பொருளை ஒப்பந்ததாரர் எழுதிக் கொடுத்தால் அதை அலுவலகங்கள் ஏற்றுக்கொண்டன. மாற்றத்துக்கு வேண்டிய பயிற்சியோ ஆள்பலமோ கொள்கையைத் தொடர்ந்து வரவில்லை.

பாதுகாப்பு அமைச்சகம் மட்டும் 2023இல், இணையத்தோடு இணைந்த தன் கணினிகளில் விண்டோசுக்குப் பதிலாக உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட மாயா என்னும் இயங்குதளத்தைப் பதிக்கும் முடிவை எடுத்தது. வெளிநாட்டு நிறுவனத்தின் படிமத்தை நம்ப முடியாது என்பது தெற்குப் பகுதிச் செயலகத்துக்குப் புரிந்திருக்கிறது. அதே நியாயம் ஊராட்சி அலுவலகத்துக்கும் அரசு மருத்துவமனைக்கும் ஏன் பொருந்தாது என்பதற்கு விளக்கம் இல்லை. மக்களின் நிலப் பதிவும் நோய்க் குறிப்பும் ஓய்வூதியக் கணக்கும் பாதுகாக்க வேண்டியவை ஆகாவா?

சார்பின் விலை என்ன என்பதை 2025 ஜூலை வெளிச்சமிட்டுக் காட்டியது. ரஷ்யாவின் ராஸ்நெஃப்ட் நிறுவனம் பங்குதாரராக உள்ள நயாரா எனர்ஜி குஜராத்தின் வாடினாரில் பெரும் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையை நடத்துகிறது. ஐரோப்பிய ஒன்றியம் அதன் மீது தடை விதித்த சில நாட்களில் மைக்ரோசாப்ட் அதன் மின்னஞ்சல் உள்ளிட்ட சேவைகளைத் துண்டித்தது. இந்தியச் சட்டம் எதையும் நயாரா மீறியதாகக் குற்றச்சாட்டு இல்லை. கட்டணப் பாக்கியும் இல்லை. அந்நிறுவனம் தில்லி உயர்நீதிமன்றத்தை நாடிய பின்னரே சேவைகள் திரும்பின. துண்டிக்கப்பட்டது மேகக் கணிமைச் சேவைதான், இயங்குதளம் அன்று. ஆனால் இரண்டும் ஒரே பாதையில்தான் நகர்ந்து கொண்டிருக்கின்றன. இன்றைய விண்டோஸ் நிறுவும்போதே மைக்ரோசாப்ட் கணக்கைக் கேட்கிறது. அமெரிக்கப் பொருளாதாரத் தடையின் கீழ் பல பதிற்றாண்டுகள் வாழ்ந்த கியூபா இந்த அபாயத்தை முன்பே உணர்ந்தது. ஹவானாவின் தகவல் அறிவியல் பல்கலைக்கழகம் நோவா என்னும் சொந்த இயங்குதளத்தை 2009இல் வெளியிட்டது அதன் விளைவே.

உழைப்பின்றி எந்தப் படிமமும் உயிர்வாழாது

கட்டற்ற மென்பொருளை ஆதரிப்போர் சிலர், அதை ஒருமுறை பதித்துவிட்டால் எல்லாச் சிக்கலும் தீர்ந்தது என்று பேசுவதுண்டு. அது உண்மையன்று, அப்படிப் பேசுவது இயக்கத்துக்கு நன்மையும் அன்று. ஜெர்மனியின் மியூனிக் நகராட்சி 2003இல் விண்டோசைக் கைவிட முடிவெடுத்து, லிமக்ஸ் என்னும் சொந்தப் படிமத்தை உருவாக்கி, 2013க்குள் ஏறத்தாழ 15,000 கணினிகளை மாற்றியது. உலகமே பாராட்டியது. 2017இல் அதே நகராட்சி மன்றம் விண்டோசுக்குத் திரும்ப வாக்களித்தது. அந்தப் பின்வாங்கலில் அரசியலுக்குப் பங்கு உண்டு. ஆனால் நகராட்சியின் தொழில்நுட்ப நிர்வாகம் துறைவாரியாகச் சிதறிக் கிடந்ததும், கணினிகளில் பழைய பதிப்புகள் தேங்கி நின்றதும், ஊழியர்களின் குறைகள் உரிய நேரத்தில் தீர்க்கப்படாததும் எதிரிகளுக்கு ஆயுதமாயின. மாறாக, பிரான்சின் தேசியக் காவல்படையான ஜாந்தாமெரி 2008 முதல் உபுண்டுவுக்கு மாறத் தொடங்கி, இன்று ஏறத்தாழ 1 லட்சம் கணினிகளில் தன் சொந்தப் பதிப்பைத் தொடர்ந்து நடத்திவருகிறது. மென்பொருள் இரண்டு இடங்களிலும் ஏறக்குறைய ஒன்றே. ஜாந்தாமெரியிடம் ஒருங்கிணைந்த நிர்வாகமும் தொடர்ச்சியான உழைப்பும் இருந்தன.

இன்னொரு பாடத்தையும் மறைக்கக் கூடாது. 2024 மார்ச் 29 அன்று, ஏறத்தாழ எல்லா லினக்ஸ் அமைப்புகளிலும் உள்ள எக்ஸ்-இசட் என்னும் சிறு மென்பொருளின் புதிய பதிப்பில் கள்ளக் கதவு ஒன்று நுழைக்கப்பட்டிருந்தது அம்பலமானது. மூலநிரல் திறந்திருந்ததால், ஒரு பொறியாளர் அரை நொடித் தாமதத்தைக் கவனித்துத் துருவி அதைக் கண்டுபிடிக்க முடிந்தது. ஆனால் அந்த மென்பொருளை ஆண்டுக்கணக்கில் பராமரித்து வந்தவர் ஊதியம் ஏதும் பெறாத ஒரே தன்னார்வலர். அவர் களைத்துப் போயிருந்த வேளையில்தான் உதவுவது போல வந்தவர் நம்பிக்கையைப் பெற்றுக் கதவைப் பொருத்தினார். உலகின் பெரும் நிறுவனங்கள் கோடிகளை ஈட்டும் அமைப்புகளின் அடித்தளத்தில் கூலியற்ற உழைப்பு கிடக்கிறது. இந்தியாவின் நிலையும் வேறன்று. அரசு அலுவலகங்களில் கணினிகளைப் பதித்து, பழுது பார்த்து, இரவில் புதுப்பித்து வைப்போரில் பலர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். அவர்களுக்குப் பணிப் பாதுகாப்பில்லை. ஒப்பந்தம் மாறும்போது அவர்களின் அனுபவமும் வாசலைக் கடந்து போய்விடுகிறது. அடுத்து வருபவர் கையில் கிடைத்த பழைய பென்டிரைவிலிருந்து தொடங்குகிறார்.

ஆகவே கோரிக்கை “லினக்ஸ் வேண்டும்” என்ற முழக்கத்தோடு நின்றுவிட முடியாது. ஒவ்வொரு மாநிலத்திலும் அரசின் படிமத்தை உருவாக்கிப் பராமரிக்க நிரந்தர ஊழியர்களைக் கொண்ட பொதுத்துறைப் பிரிவு ஒன்று வேண்டும். சி-டாக்கின் அனுபவமும் கைட்டின் அனுபவமும் அதற்குக் கைகொடுக்க வேண்டும். மாதம் ஒருமுறை முழுமையாகப் புதுப்பிக்கப்பட்ட படிமம் வெளியாக வேண்டும். கடும் ஓட்டை தெரிய வந்தால் மாதத்துக்குக் காத்திருக்கக் கூடாது. படிமத்தோடு அதை உருவாக்கும் நிரலும் சரிபார்ப்பு எண்ணும் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். அப்போதுதான் அரசே கண்காணிப்புக் கருவியை உள்ளே நுழைக்கிறதா என்பதையும் குடிமக்கள் சோதிக்க முடியும். அரசுக்காக எழுதப்படும் எந்த மென்பொருளும் அந்தப் படிமத்தில் இயங்க வேண்டும் என்பது ஒப்பந்தத்தின் முதல் நிபந்தனையாக இருக்க வேண்டும். விண்டோஸ் 10 கைவிட்ட கணினிகளை ஏலத்தில் தள்ளும் முன், அவற்றில் இந்தப் படிமம் இயங்குகிறதா என்று சோதிப்பது கட்டாயமாக்கப்பட வேண்டும். இப்பணியில் ஈடுபடும் ஒப்பந்தத் தொழிலாளர்கள் நிரந்தரமாக்கப்பட வேண்டும். ஆசிரியர்களுக்கும் அலுவலக ஊழியர்களுக்கும் பயிற்சி வேலை நேரத்துக்குள்ளேயே அளிக்கப்பட வேண்டும்.

இவற்றில் ஒன்றுகூட வளர்ச்சியடைந்த நாடுகளுக்கு மட்டுமே எட்டும் தொழில்நுட்பம் கிடையாது. மூலநிரல் திறந்திருக்கிறது. அறிந்த பொறியாளர்கள் நாட்டில் இருக்கிறார்கள். கேரளத்தின் அரசுப் பள்ளிகளே செய்து காட்டிவிட்டன. உரிமக் கட்டணமாக வெளியேறும் பணத்தை உழைப்பவர்களின் ஊதியமாக மாற்றும் அரசியல் உறுதிதான் எஞ்சியிருக்கும் தேவை. ஆசிரியர் சங்கங்களும் அரசு ஊழியர் அமைப்புகளும் தகவல் தொழில்நுட்பத் தொழிலாளர்களும் இக்கோரிக்கையைத் தம் கோரிக்கைப் பட்டியலில் சேர்த்தாக வேண்டும். கேரளத்தின் மாற்றத்துக்குப் பின்னாலும் ஓர் ஆசிரியர் சங்கத்தின் உறுதி இருந்தது.